கைத்தறிப் பைக்குள் நைலெக்ஸ் சீலை

பை தைக்கிறதைப் பற்றிக் கருத்துப் பகுதியில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஊரில் காணிப் பிரச்சினை, இங்கே குடியுரிமைச் சட்டம் என்று எழுத எவ்வளவோ கிடக்கு. ஆனால் எங்கடை வீட்டில் இந்தக் குளிர்காலம் முழுக்க நடந்த சூடான விவாதம் ஒரு பையின் உள்துணியைப் பற்றித்தான். அம்மா, நான், மகள் என்று மூன்று பேர். நடுவில் ஒரு சீலையும் கத்தரிக்கோலும். இது எங்கள் வீட்டோடு முடிகிற விஷயமாக எனக்குப் படவில்லை. உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலேயும் ஒரு பழைய சூட்கேஸ் இருக்கும், அதற்குள்ளே மடித்த மடிப்புக் குலையாமல் பத்துப் பதினைந்து சீலை இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் துணியைச் சொல்லிவிடுகிறேன். பேர்லினின் தென்கிழக்கு விளிம்பில் இருக்கிற ஷோனெஃபெல்ட்டுக்குக் குடிவந்த பிறகு, பழைய சாமான் சந்தை ஒன்றில் ஒரு மேசைத்தறி வாங்கினேன். 40 சென்ரிமீற்றர் அகலத்துக்கு மேல் அதில் நெய்ய முடியாது. ஊரில் குழித்தறியைக் கண்டவர்கள் பார்த்தால் விளையாட்டுச் சாமான் என்பார்கள். மிதி இல்லை, நாடாவைக் கையால்தான் அங்கும் இங்கும் விடவேண்டும். பாவுக்குக் கறுப்புப் பருத்தி நூல், ஊடைக்குச் சிவப்பும் இடைக்கிடை மஞ்சளும். வேலை முடிந்து வந்த பின்னேரங்களில் மட்டும் நெய்ததால் ஒன்றரை மீற்றருக்கு ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை எடுத்தது. சித்திரையில் மகள் லைப்ஸிக்குக்குப் படிக்கப் போகிறாள். அவளுக்குத்தான் பை.

தறியிலிருந்து இறக்கின துணி இன்னும் துணி ஆகவில்லை என்பதை நெய்கிற ஆட்கள் எல்லாரும் சொல்வார்கள். தறியில் நூல் இழுபட்டு நிற்கிறது. இறக்கினவுடன் அது தளரும். தண்ணீரில் போட்டால்தான் பாவும் ஊடையும் ஒன்றை ஒன்று பிடிக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் போட்டு ஊறவைத்து, முறுக்காமல் பிழிந்து, துவாயில் சுற்றி அமத்தி, பரப்பிக் காயவைத்தேன். 40 சென்ரிமீற்றர் அகலம் 36 ஆயிற்று. 150 நீளம் 137 ஆயிற்று. இந்தச் சுருக்கம் தைக்க முன்னமே நடந்து முடிய வேண்டும். தைத்த பிறகு நடந்தால், பேர்லின் மழை ஒன்றிலேயே பை ஒரு பக்கம் கோணிவிடும்.

பிறகு வெட்டு. கைத்தறித் துணியை வெட்டுவதற்கு எல்லாருக்கும் பயம். நெய்து முடித்து மடித்து லாச்சிக்குள் வைத்துவிட்டு வருசக்கணக்காக வெட்டாமல் இருக்கிற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். வழி இருக்கிறது. வெட்டவேண்டிய கோட்டைச் சோக்கால் கீறி, அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் மெசினில் ஸிக்ஸாக் தையல் ஓடவிட்டு, அதற்குப் பிறகுதான் நடுவால் கத்தரிக்க வேண்டும். வெட்டிப்போட்டு ஓரம் அடிக்கலாம் என்று இருந்தால் மேசையில் துணி மிஞ்சாது, நூல்தான் மிஞ்சும்.

இனி உள்துணி. இதைப் பலபேர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். உள்துணிதான் பாரத்தைத் தாங்குகிறது. கையால் நெய்த துணி இழைக்கு இழை இடைவெளி விட்டது. உள்ளே ஒரு மடிக்கணினியும் தண்ணீர்ப் போத்தலும் போட்டுத் தோளில் கொழுவினால் துணி கீழ்நோக்கி இழுபடும், இரண்டு கிழமையில் அடி தொங்கும். திறப்புக் கோர்வை இழைக்குள் மாட்டும், பேனை முனை வெளியே எட்டிப் பார்க்கும். நெருக்கமாக நெய்த துணி ஒன்று உள்ளே, வெளித்துணியை விட மூன்று நாலு மில்லிமீற்றர் சிறிதாக வெட்டித் தைத்திருந்தால் பாரம் அதில் நிற்கும். வெளித்துணி தன் வடிவத்தில் இருக்கும்.

எங்கள் ஊரில் இதெல்லாம் இல்லை என்று சொல்ல ஏலாது. உமலுக்கு உள்துணி கிடையாதுதான், மீனும் மரக்கறியும் நேரே ஓலையில் கிடந்தன. ஆனால் கடகத்தை நினைத்துப் பாருங்கள். பனையோலையால் இழைத்து, வெளிப்பக்கம் நாரால் பொத்தியிருப்பார்கள். உள்ளே ஓலை, வெளியே நார் என்று இரண்டு படை. அரிசி கழுவிப் போட்டாலும், மண் அள்ளிப் போட்டாலும் கடகம் வளையாமல் நின்றது அந்த இரண்டு படையால். எதைப் போடுகிறோம் என்று தெரிந்தவன்தான் எத்தனை படை என்று முடிவெடுத்தான்.

சட்டை தைக்கிற அம்மாமாரைக் கேட்டால் உள்துணியைப் பற்றி ஒரு பாடமே எடுப்பார்கள். 'டூ பை டூ' பருத்தியா, பொப்ளினா, மல்லா? எதுவானாலும் முதல்நாள் இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துத்தான் வெட்டவேண்டும். இல்லாவிட்டால் முதல் தோய்ப்பிலேயே லைனிங் சுருங்கிச் சட்டை சுருக்கு விழும். சாயம் போகுதோ என்று வெள்ளைத் துணியை ஈரமாக்கித் தேய்த்துப் பார்க்க வேண்டும். பைக்கும் இதே விதிகள்தான். அதோடு இன்னொன்று: பைக்குக் கறுத்த உள்துணி போடாதீர்கள். வெளியே கறுப்பு, உள்ளேயும் கறுப்பு என்றால் பின்னேர பஸ்ஸில் திறப்பைத் தேடி முடியாது. வெளிறின நிறம் போட்டால் விழுந்த சில்லறை தெரியும்.

துணி தேட நாங்கள் முதலில் போனது நொய்கொல்ன் பக்கம் இருக்கிற மைபாஹ்ஊஃபர் சந்தைக்கு. செவ்வாயும் வெள்ளியும் அது துருக்கிக்காரரின் மரக்கறிச் சந்தை. அங்கே கத்தரிக்காயும் வெண்டிக்காயும் வாங்காத பேர்லின் தமிழர் குறைவு. சனிக்கிழமைகளில் அதே வாய்க்கால் கரையில் துணிச் சந்தை. உருளை உருளையாகப் பருத்தி, லினன், சட்டின், யாரோ ஒரு தொழிற்சாலை மிச்சம் விட்ட துண்டுகள். விரலால் தடவிப் பார்க்கலாம், பேரம் பேசலாம், கடைக்காரர் அரை மீற்றரும் வெட்டித் தருவார். இணையத்தில் துணி வாங்குகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி: உள்துணியின் நெருக்கத்தைப் படத்தில் எப்படிப் பார்க்கிறீர்கள்? வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால்தானே தெரியும்.

அந்தச் சந்தையிலிருந்து யூ-பானில் சில நிறுத்தம் தள்ளி ரிக்ஸ்டோர்ஃப் என்ற பழைய பகுதி இருக்கிறது. போகாதவர்கள் ஒருக்கால் போய்ப் பாருங்கள். பெரிய நகரத்துக்குள் ஒரு கிராமத் தெரு. 1737இல் பொஹேமியாவிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த புரட்டஸ்தாந்து அகதிகளை அரசன் பிரீட்ரிஷ் வில்ஹெல்ம் அங்கே குடியேற்றினான். வந்தவர்களில் நெசவு தெரிந்தவர்கள் இருந்தார்கள், வீட்டிலேயே தறி வைத்துப் பிழைத்தார்கள். தங்கள் செக் மொழியை அடுத்தடுத்த தலைமுறைகளுக்கும் கொண்டுபோனார்கள். மகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு நடந்தேன். அவள் கேட்டாள், "அந்த ஆக்கள் நெய்த துணி ஒன்றாவது இப்ப இருக்கா அம்மா?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் கேள்வி எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தது.

சந்தையில் ஒன்றும் அவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் மனதில் வைத்திருந்தது மருதமுனைத் துணி. வெளியே அம்மா நெய்தது, உள்ளே கிழக்கு மாகாணத்தில் நெய்தது, முழுக்க முழுக்கக் கைத்தறி. கேட்க நல்லாய்த்தான் இருந்தது. அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் இருக்கிற மருதமுனை பரம்பரை நெசவுக் கிராமம். தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் நெய்த சாரமும் சீலையும் இலங்கை முழுக்கப் போயிருக்கு. 2004 சுனாமி அந்த ஊரையும் அடித்தது. இருந்தும் இன்றுவரை அங்கே நெய்கிறார்கள். உறவுக்காரர் யாராவது ஊரிலிருந்து வரும்போது இரண்டு மீற்றர் கொண்டுவரச் சொல்லலாம் என்று நானும் நினைத்தேன்.

அப்போதுதான் அம்மா தலையிட்டா.

"உதென்ன, நல்ல துணியை வாங்கி உள்ளுக்கை ஒளிக்கப் போறியளோ?" என்று கேட்டுவிட்டு, அறைக்குள் போய் ஒரு சீலையை எடுத்துக்கொண்டு வந்தா. மஞ்சள் நிலத்தில் சின்னச் சின்ன மண்ணிறப் பூ. நைலெக்ஸ். 1978 தீபாவளிக்கு யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கம் அப்பா வாங்கிக் கொடுத்தது. "இதை வெட்டு."

நைலெக்ஸ் என்றால் என்ன என்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு விளங்காது. கைத்தறி என்றால் பெருமை, செயற்கை நூல் என்றால் மலிவு என்றுதான் அவர்கள் படித்திருக்கிறார்கள். அம்மாவின் காலத்தில் கணக்கு மறுபக்கம் இருந்தது. 1970 தொடக்கம் 1977 வரை சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. வெளிநாட்டுத் துணி வராததால் உள்ளூர்த் தறிகளுக்கு வேலை இருந்தது. மக்கள் சங்கக்கடையில் வரிசையில் நின்று உள்ளூர்த் துணி வாங்கினார்கள். 1977இல் ஜே. ஆர். ஜெயவர்தன வந்து பொருளாதாரத்தைத் திறந்துவிட்டார். கப்பல் கப்பலாக இறக்குமதித் துணி வந்தது. கைத்தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நெசவாளர் குடும்பங்களுக்கு அது பெரிய அடி. ஆனால் அதே வருசங்களில் தோய்த்து உதறினால் அரை மணித்தியாலத்தில் காய்கிற, ஸ்திரிக்கை தேவையில்லாத, மழையில் நனைந்தாலும் பாரம் ஏறாத ஒரு சீலை ஆசிரியைமாருக்கும் அலுவலகம் போகிற பெண்களுக்கும் எவ்வளவு பெரிய விடுதலை என்று அம்மாவைக் கேட்டால் சொல்லுவா. கஞ்சி போட்டு, காயவைத்து, கரி ஸ்திரிக்கைப்பெட்டியால் தேய்க்கிற வேலை அவவுடையதுதானே, அப்பாவுடையது இல்லையே.

இரண்டும் உண்மை. மருதமுனைத் தறி நின்றதும் உண்மை, அம்மாவின் கை ஓய்ந்ததும் உண்மை. "எங்கள் பாரம்பரியம் கைத்தறி" என்று இங்கே கலைவிழா மேடையில் நாங்கள் பேசும்போது முதலாவதை மட்டும்தான் சொல்கிறோம்.

அந்தச் சீலைக்கு இன்னொரு கதையும் இருக்கு. அது ஷோனெஃபெல்ட்டின் கதை.

இப்போது இங்கே இறங்குகிற பயணிகளுக்கு ஷோனெஃபெல்ட் என்றால் 2020 ஒக்டோபர் 31இல் திறந்த புதிய பேர்லின் விமான நிலையம். அதற்குப் பக்கத்தில் இருந்த பழைய கட்டடங்கள் கொஞ்சக் காலம் ஐந்தாம் டெர்மினல் என்ற பெயரில் இயங்கி 2021இல் மூடப்பட்டன. அந்தப் பழைய இடம் கிழக்கு ஜேர்மனியின் பிரதான விமான நிலையம். 1983 ஜூலைக்குப் பிறகு ஆயிரக்கணக்கான தமிழர் ஐரோப்பாவில் முதல் கால் வைத்தது அங்கேதான். கொழும்பிலிருந்து ஏரோஃப்ளொட்டில் மொஸ்கோ, மொஸ்கோவிலிருந்து ஷோனெஃபெல்ட். கிழக்கு ஜேர்மனி இடைவழிப் பயணத்துக்கு மட்டும் விசா கொடுக்கும். பிறகு எஸ்-பான் எடுத்து பிரீட்ரிஷ்ஸ்ட்ராஸ நிலையம், அங்கேயிருந்து மேற்கு பேர்லின். பேர்லின் நகரம் ஒன்றுதான், நடுவில் இருப்பது எல்லை இல்லை என்பது மேற்குத் தரப்பின் அரசியல் நிலைப்பாடு. எல்லை என்று ஒத்துக்கொள்ளாத இடத்தில் கடவுச்சீட்டைச் சோதிக்க முடியாது. அந்தக் கொள்கைச் சிக்கலுக்குள்ளால்தான் எங்கள் சனம் நடந்து போனது. மேற்கு ஜேர்மனி கொடுத்த அழுத்தத்தால் 1985 ஜூலை நடுப்பகுதியில் கிழக்கு ஜேர்மனி இலங்கைக்காரருக்கு அந்த வழியை அடைத்தது: போகிற நாட்டின் விசா இல்லாவிட்டால் இடைவழி விசாவும் இல்லை. 1986 ஒக்டோபரில் மற்ற நாட்டு அகதிகளுக்கும் அதே விதி வந்தது.

அப்பா 1984 கடைசியில் வந்துவிட்டார். அம்மாவும் ஆறு வயது நானும் 1985 பங்குனியில் வந்தோம். வழி அடைபடுகிறதுக்கு நாலு மாதம் முன்னம். அன்றைக்கு அம்மா உடுத்தியிருந்தது இந்த மஞ்சள் நைலெக்ஸ். ஏன் அதைத் தெரிந்தெடுத்தா என்று கேட்டால் பெரிய விளக்கம் ஒன்றும் வராது. "மூண்டு நாள் உடுத்தாலும் கசங்காது, பிள்ளை சத்தியெடுத்தால் பைப்பிலை பிடிச்சுக் கழுவலாம்." நான் சத்தியெடுத்திருக்கிறேன், மொஸ்கோவில். கழுவியும் இருக்கிறா. குளிருக்கு அது ஒரு உதவியும் செய்யவில்லை. அதற்கு மேலே யாரோ கொடுத்த ஆம்பிளைக் கோட்டு. கையில் ஒரு றெக்ஸின் பை. அதன் உள்துணியைக் கொஞ்சம் பிரித்து அப்பாவின் விலாசம் எழுதின கடுதாசியை வைத்துத் திரும்பத் தைத்திருந்தா. அந்தப் பை எப்பவோ குப்பைக்குப் போய்விட்டது. சீலை இருக்கிறது.

சீலையை மேசையில் விரித்து நாங்கள் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்து வீட்டு மூதாட்டி ஒருவர் பார்சல் ஒன்றைக் கொடுக்க வந்தார். எண்பது வயதுக்கு மேல், இந்தப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். முகம் மலர்ந்து, "தெடெரோன்!" என்றார். கிழக்கு ஜேர்மனியில் நைலோன் குடும்பத்து நூலுக்கு வைத்த பெயர் அது. நாட்டின் பெயர்ச் சுருக்கத்தை ஜேர்மனில் டே-டே-எர் என்பார்கள், அதன் வாலில் 'ஓன்' சேர்த்தால் தெடெரோன். பூப்போட்ட தெடெரோன் மேலங்கி உடுத்தாத கிழக்கு ஜேர்மன் வீட்டுப் பெண் இல்லை என்றார். வீட்டுக்குப் போய் உள்ளங்கைக்குள் அடங்குகிற மடிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். விரித்தால் கடைக்குக் கொண்டுபோகிற பை. பூ வேறே, நிறம் வேறே, துணி எங்கடை சீலையின் ஒன்றுவிட்ட தங்கச்சி. அந்த இனத்து நூலைப் பவுல் ஷ்லாக் என்ற வேதியியலாளர் 1938இல் கண்டுபிடித்ததும் பேர்லின் லிஷ்டன்பேர்க்கில்தான். பேர்லொன் என்று பெயர். இங்கிருந்து எஸ்-பானில் போகிற தூரம்.

அம்மாவுக்கும் அந்த மூதாட்டிக்கும் பொதுமொழி அரைகுறை ஜேர்மன். இரண்டு பேரும் சீலையையும் பையையும் மாறி மாறித் தடவிக்கொண்டு அரை மணித்தியாலம் கதைத்தார்கள். கதைத்தது முழுக்கத் தோய்க்கிறதைப் பற்றியும் காயப்போடுகிறதைப் பற்றியும்தான்.

மகள் மட்டும் மாறவில்லை. "அம்மம்மா, உது மியூசியத்திலை இருக்கவேண்டிய சாமான். ஒரு அகதிப் பெண் உடுத்து வந்த உடுப்பு. வெட்டினால் திரும்ப வராது." அவள் சொன்னதில் நியாயம் இருக்கு. பிரீட்ரிஷ்ஸ்ட்ராஸவில் எல்லை தாண்டிப் போகிறவர்களைச் சோதித்த மண்டபம், 'கண்ணீர் மாளிகை' என்று பேர்லின்காரர் சொல்கிற கட்டடம், 2011 முதல் காட்சியகமாக இருக்கிறது. அங்கே போய்வந்த பிள்ளை அப்படித்தான் நினைக்கும். எங்கள் வரலாற்றை வேறு யாரும் சேர்த்து வைக்கப் போவதில்லை என்கிற பதற்றமும் அதற்குள் இருக்கு.

அம்மாவின் பதில்: "மியூசியத்துக்குச் சட்டையைக் குடு. அது இப்ப எனக்குக் கைக்குள்ளையே ஏறாது."

நான் அம்மாவின் பக்கம். காரணத்தைச் சொல்லுகிறேன், நீங்கள் ஒத்துக்கொள்ளாமல் விடலாம்.

முதல் தலைமுறை அம்மாமார் இங்கே இப்போது எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். சில வீடுகளில் அவர்கள் இல்லை. செத்தவீடு முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தச் சூட்கேஸ்கள் இறக்கப்படுகின்றன. பிள்ளைகளுக்குச் சீலை உடுக்கத் தெரியாது அல்லது நேரமில்லை. பட்டுச்சீலை இரண்டை எடுத்து வைப்பார்கள். ஆனால் இருபது வருசம் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு மடிப்போரத்தில் வெடித்திருக்கும். மற்றவை தெருமுனையில் நிற்கிற பழைய உடுப்புப் பெட்டிக்குள் போகும். எது கலியாணத்துக்கு உடுத்தது, எது வேலைக்கு உடுத்தது, எதை உடுத்து வந்தா என்று சொல்லுகிற ஆள் இல்லாத நேரத்தில் பெட்டியைத் திறந்து என்ன செய்ய? உடுத்தவ இருக்கும்போதே வெளியே எடுங்கள், அவவைக் கொண்டே தெரிந்தெடுங்கள், அவ சொல்லுகிற இடத்தில் வெட்டுங்கள். பழஞ்சீலை வெட்டக்கூடாத சாமான் என்று எங்கள் ஊரில் யாரும் சொன்னதில்லை. ஏணை கட்டினது பழஞ்சீலையில். பிள்ளையைத் துடைத்தது பழைய வேட்டித் துண்டில். தொடாமல் வைத்துக் கும்பிடுகிற பழக்கம் இங்கே குளிருக்குள் வந்து பிடித்ததுதான்.

மகளின் பக்கத்துக்கும் ஒரு மரியாதை செய்தோம். வெட்ட முன்னம் சீலையை முழுதாக விரித்துப் படம் எடுத்தோம். நீளம், அகலம், வாங்கின வருசம், கடைத்தெரு, உடுத்துப் போன இடங்கள் எல்லாவற்றையும் அம்மா சொல்லச் சொல்ல அவள் ஜேர்மனிலும் நான் தமிழிலும் எழுதினோம். எழுதி முடிக்க இரண்டு பின்னேரம் போனது. அதில் பாதிக்கு மேல் எனக்கே தெரியாத விஷயங்கள்.

எங்கே வெட்டுவது என்பதையும் அம்மாதான் சொன்னா. "முந்தானையைத் தொடாதை. உள்முனையிலை வெட்டு. இடுப்புக்குள்ளை செருகிற பக்கம், அதை ஒருத்தரும் கண்டதில்லை." உண்மையில் தையல் கணக்குக்கும் அதுதான் சரி. முந்தானை வெயிலிலும் கண்ணாடிக் கதவோரத்திலும் வெளிறிப் போயிருந்தது. உள்முனையில் மஞ்சள் இன்னும் மஞ்சளாக இருந்தது, நூலும் உறுதி. அரைச்சாண் துண்டை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தேன். இழை விலகவில்லை.

நைலெக்ஸை உள்துணியாகத் தைக்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஸ்திரிக்கையை ஆகக் குறைந்த சூட்டில் வைத்து, மேலே ஒரு பருத்தித் துணி போட்டுத்தான் தேய்க்க வேண்டும்; சூடு கூடினால் சுருண்டு ஒட்டிவிடும். 70ஆம் நம்பர் மெல்லிய புது ஊசி போடுங்கள், பழைய ஊசி இழையை இழுக்கும். துணி வழுக்கும் என்பதால் குண்டூசிகளைத் தையலுக்குள் விழப்போகிற ஓரப்பகுதியில் மட்டும் குத்துங்கள், நடுவில் குத்தினால் துளை நிற்கும். வெட்டோரம் பிசிறும், அதையும் ஸிக்ஸாக் அடிக்க வேண்டும். நைலெக்ஸ் மெல்லியது, தனியாகப் பாரம் தாங்காது. அதனால் நடுவில் இன்னொரு படை வேண்டும். ஜேர்மன் தையல்காரர் இதற்கு வ்ளீசலீன் ஒட்டச் சொல்லுவார்கள், ஊரில் சட்டைக் கழுத்துக்கு வைக்கிற பேப்பர் கான்வாஸின் இனம். ஒட்ட நல்ல சூடு வேண்டும், நைலெக்ஸில் அது நடக்காது. ஆகவே வ்ளீசலீனைக் கைத்தறித் துணியின் பின்பக்கம் ஒட்டினேன். சீலைத் துண்டுக்குப் பின்னால், பழைய கட்டில் விரிப்பு ஒன்றின் தேயாத பகுதியை வைத்துச் சுற்றிவரத் தைத்தேன். அந்த விரிப்புக்குக் கதை ஒன்றும் இல்லை. மலிவு விற்பனையில் வாங்கினது.

சீலையின் கீழ்க்கரைக்கு அடித்திருந்த ஃபோல்ஸை முதலில் பிரித்து எடுத்தோம். நல்ல பருத்தி நாடா, 40 வருசத்துக்கு மேலாகியும் விறைப்பாக இருந்தது. அதை வீசாமல் உள்பொக்கற்றின் வாய்க்கு மடித்து அடித்தேன். பொக்கற் வாய்தான் முதலில் கிழிகிற இடம். கைப்பிடி நுனிகளைச் சதுரமாகத் தைத்து நடுவில் பெருக்கல் குறி போட்டேன், அதற்குப் பின்னால் உள்ளே ஒரு சின்னத் துண்டுத் துணி. இவ்வளவும் செய்தால் ஆறு ஏழு கிலோவுக்குப் பயமில்லை.

பொக்கற் அளவில் மட்டும் இன்னொரு சின்னச் சண்டை. மகள் தொலைபேசி அளவுக்குக் கேட்டாள். அம்மா கடவுச்சீட்டு அளவுக்குக் கேட்டா. கடவுச்சீட்டு பன்னிரண்டரை சென்ரிமீற்றருக்கு ஒன்பது கூட இல்லை, தொலைபேசி அதை விட நீளம். ஆகவே தொலைபேசி அளவுக்கு ஒன்று தைத்தால் இரண்டுக்கும் சரி என்று நான் சொன்னேன். அம்மா விடவில்லை. "ரெண்டும் ஒரே இடத்திலை இருந்தால், ஒண்டு களவுபோனால் மற்றதும் போகும்." இரண்டு பொக்கற் தைத்தேன். ஒன்று வாய்க்குப் பக்கத்தில், மற்றது உள்துணிக்கும் விரிப்புக்கும் நடுவில், வெளியே தெரியாமல். உள்துணியின் அடியில் பையைப் புரட்டி எடுக்க விட்ட நாலு விரல் இடைவெளியை மட்டும் மெசினால் மூடாமல் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மஞ்சள் நூல் கோர்த்து, தையல் தெரியாத தையலில் மூடித் தந்தா.

உள்துணிக்கும் பொக்கற்றுகளுக்குமாக 60 சென்ரிமீற்றர் வெட்டியிருக்கிறோம். முந்தானையோடு இன்னும் 4 மீற்றர் 90 இருக்கு. பேர்லினில் பிறந்த என் தங்கச்சியின் மகள் தனக்கும் ஒன்று வேணும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். தறியில் அவளுக்குப் பாவு ஏற்றியாயிற்று, இந்தமுறை நீலம்.